மூன்று வீடு கட்டியவனுக்கு வீடில்லை

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழி மாதம். மேற்கு ஜேர்மனியின் தெற்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரம். அங்கேயிருந்த அகதி முகாம் ஒன்றில், இரண்டு கட்டில் போட்ட ஓர் அறையில் நான் இருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கல்முனை வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் குளிர் எலும்புக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஊரில் நான் வேன் ஓட்டியவன். நெல், மீன், கல்யாணத்துக்குப் போகிற சனம், எதையும் ஏற்றுவேன். அந்த வேன்தான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

நடந்தது இதுதான். ஒரு நாள் ஆயுதத்தோடு வந்த இயக்கப் பொடியன்மார் என் வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்டு வாங்கினார்கள் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்கு. பிறகு அந்த வேன் எங்கோ ஒரு ரோட்டோரத்தில் கிடந்து படைக்காரரின் கையில் அகப்பட்டது. எதற்காகக் கொடுத்தாய் என்று என்னைக் கொண்டுபோய் அடித்தார்கள். அடித்துவிட்டு விட்டுவிட்டார்களே என்று நான் சந்தோஷப்பட, ஏன் விட்டார்கள், உள்ளே போய் என்ன சொன்னான் என்று பொடியன்மாருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு தரப்பு பகலில் தேடியது, மறு தரப்பு இருட்டியதும் தேடியது. என் மகள் அப்போது தவழ்கிற பிள்ளை. என் மனைவி தன் நகைகளைக் கழற்றித் தந்து, "எங்கயாவது உசிரோட இரிங்க, அது காணும்" என்று அனுப்பிவைத்தாள்.

தஞ்சம் கேட்பதை எங்கள் ஆட்கள் 'அசூல் அடிப்பது' என்பார்கள். கேட்கும்போது சுவருக்கு வெள்ளை அடிப்பது போல லேசாக இருக்கும். அடித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த கட்டிலில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முதல் நாள் "எந்த ஊர்?" என்று கேட்டார். கல்முனைப் பக்கம் என்றேன். "நான் பாண்டிருப்பு" என்றார். அவ்வளவுதான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தமிழர், நான் முஸ்லிம். ஊரில் சைக்கிள் மிதித்தால் வியர்க்குமுன் அவருடைய ஊருக்குப் போய்விடலாம். ஆனால் முந்திய வருடத்துத் தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அந்தத் தூரம் கடலை விடப் பெரிதாகிவிட்டிருந்தது. அவருடைய வீடு அந்தக் கலவரத்தில் எரிந்தது என்று முகாமில் இருந்த வேறு தமிழ்ப் பொடியன்மார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யார் எரித்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, என்னைப் பார்த்த பார்வையிலேயே அது இருந்தது.

முகாமில் எல்லா நாட்டு ஆட்களுக்கும் சேர்த்து ஒரே குசினி. சட்டி பானையெல்லாம் பொது. அவற்றில் பன்றி இறைச்சி வேகாத நாளே கிடையாது. நான் அந்தச் சட்டிகளைத் தொடமாட்டேன். பாணும் ஜாமும் தின்றே நாளை ஓட்டினேன். சோற்றின் முகம் மறந்துபோய், கனவில் கூடச் சோறு ஆக்கி, வடிக்குமுன் விழித்துக்கொள்வேன். ஒரு நாள் மத்தியானம் வெளியே போய் வந்த அடுத்த கட்டில் அண்ணன் கடுதாசியில் சுற்றிய ஒன்றை என் கட்டிலுக்குக் கீழே வைத்தார். பிரித்துப் பார்த்தால் புத்தம் புதுச் சட்டி, மூடியும் இருந்தது.

"இது உனக்கு. நான் இதுல ஒண்டும் ஆக்கமாட்டன். ஆக்கித் தின்னு, பாண் திண்டு திண்டு உன்ட மூஞ்சும் பாண் மாதிரிப் போச்சு" என்றார்.

அன்று நான் சோறும் பருப்பும் ஆக்கினேன். அவருக்கும் ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஆக்கும் நாளிலெல்லாம் அவருக்கும் சேர்த்துத்தான் ஆக்குவேன். அவர் ஆக்க வேண்டி வந்தால் பொதுச் சட்டியில் ஆக்குவாரே தவிர, என் சட்டியை எடுக்கவே மாட்டார். கலவரத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வயலைப் பற்றிக் கதைப்பார். நற்பிட்டிமுனைப் பக்கம் அவருக்கு வயல் இருந்ததாம். எங்கள் ஆட்களுடைய வயலும் அவருடையதும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடித்தவை. எங்கள் ஆட்கள் யார் யார் மடையைத் திருட்டுத்தனமாகத் திறந்தார்கள் என்பதை வரிசையாகச் சொல்லிச் சிரிப்பார்.

தை மாதத்தில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். நான் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஜேர்மன் மொழியில் சொல்ல, அவர் அதை ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவிக்குள் திருப்பிச் சொல்லுவார். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துப் பொடியன், படித்தவர், நல்லவர். வேன் கதை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு வீட்டுக் கதை வந்தது. அங்கேதான் நான் சறுக்கினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களிடத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்குமுன் வீட்டைக் கட்டிவிட வேண்டும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பான். மூத்த மகளுக்குத் தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கு வேறு வீடு கட்டத் தொடங்கி, அதில் போய் ஒதுங்குவார்கள். எங்கள் வாப்பா நான் சிறுவனாக இருந்தபோதே மௌத்தாகிவிட்டதால் அந்தப் பாரம் என் தலையில் விழுந்தது. பிறந்த வீட்டுக்கு ஓடு போட்டு மூத்தவளான ராத்தாவைக் கட்டிக்கொடுத்தேன். தங்கச்சிக்குப் புது வளவில் ஒரு வீடு எழுப்பினேன், உம்மா அதில்தான் இருந்தார். எனக்குக் கல்யாணமாகி மனைவி வீட்டுக்குப் போன பிறகு அங்கேயும் ஓர் அறையை இழுத்துக் கட்டினேன்.

அதிகாரி அம்மா என் கடவுச்சீட்டில் இருந்த விலாசத்தைக் காட்டி, இது உங்கள் வீடுதானே என்று கேட்டார். அது நான் பிறந்த வீடு. ஓம் என்றேன். படைக்காரர் எங்கே வந்து கதவை உடைத்தார்கள்? மனைவி வீட்டில். நீங்கள் எங்கே ஒளித்திருந்தீர்கள்? உம்மா வீட்டில். உம்மா முதல் வீட்டில் அல்லவா இருக்கிறார்? இல்லை, அது ராத்தா வீடு. அப்படியானால் நீங்கள் இருக்கும் வீடு எது? மனைவி வீடு. இந்த வீடுகளைக் கட்டியது யார்? நான்தான்.

அந்த அம்மா பேனையைக் கீழே வைத்தார். மூன்று வீடு கட்டியிருக்கிறீர்கள், அவற்றில் உங்களுடையது எது என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல" என்றேன்.

மொழிபெயர்ப்பாளருக்கே பொறுக்கவில்லை. "அண்ணை, யோசிச்சுச் சொல்லுங்கோ. அவ நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டு நினைக்கிறா" என்று மெல்லச் சொன்னார். எனக்குப் பதற்றம் கூடிவிட்டது. ராத்தா, தங்கச்சி, சீதனம், மாப்பிள்ளை வீடு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் எதை மொழிபெயர்ப்பது, எதை விடுவது என்று தெரியாமல் திண்டாடினார்.

கடைசியில் அந்த அம்மா கேட்ட கேள்விதான் என்னை விழுத்தியது. தேடி வந்தவர்கள் உங்கள் மனைவியின் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்கள், உங்கள் விலாசத்தில் உள்ள வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அப்படியென்றால் நீங்கள் திரும்பிப் போய் உங்கள் வீட்டில் இருக்கலாமே என்றார்.

கல்யாணம் முடித்தவன் ராத்தா வீட்டில் போய்க் கிடந்தால், பொஞ்சாதி துரத்திவிட்டாளா என்றுதான் ஊர் முதலில் கேட்கும். என்னைத் தேடுகிறவர்களும் அடுத்த நாளே அங்கு வந்து நிற்பார்கள். அதையெல்லாம் அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விசாரணையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்தார்கள். நான் சொன்னதை உறுதிப்படுத்த ஊரறிந்த யாராவது இருந்தால் கூட்டி வரலாம் என்றார்கள். இல்லாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவர்கள் சொல்லாமலே விளங்கியது.

அறைக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தேன். அண்ணன் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். மூன்று வீடு கதை வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் உயிர் போகிற கதை உங்களுக்குச் சிரிப்பா என்று சத்தம் போட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தம்பி, என்னையும் அப்பிடித்தான் கேட்டவ. எரிஞ்சது யார்ர வீடு எண்டு கேட்டா, பொஞ்சாதிர வீடு எண்டன். அப்ப உங்கட வீடு எரியல்லத்தானே, அங்க போய் இருங்க எண்டுட்டா. நான் எங்க போய் இருக்கிற? நமக்கு வீடு எங்க இரிக்கி?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வழக்கம் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கு மட்டும் உரியதல்ல. அவர்களுடைய ஊர்களிலும் வீடு பெண்ணுக்குத்தான், அவரும் மனைவி வீட்டுக்குப் போன மாப்பிள்ளைதான். ஒருவர் வீட்டை ஒருவர் எரிக்கிற அளவுக்குப் போன இரண்டு ஊர்களிலும், எரிந்தால் எரிவது பெண்ணின் வீடு என்பது மட்டும் ஒரே மாதிரி இருந்தது.

"புறகு என்ன? நான் வாறன் உன்னோட. எப்ப போகணும்?" என்றார்.

செய்தி முகாமில் பரவிவிட்டது. தமிழ்ப் பொடியன்மார் இரண்டு பேர் அறைக்கே வந்தார்கள். நான் இருக்கிறேன் என்றும் பார்க்காமல் அவரிடம் சொன்னார்கள். "அண்ணன், உங்கட கேஸ் முஸ்லிம் ஆக்களுக்குப் பயம் எண்டுதான் நிக்குது. இவருக்குப் போய்ச் சாட்சி சொன்னா, இவ்வளவு ஒற்றுமையா இரிக்கிற ஆளுக்கு என்ன பயம் எண்டு கேப்பாங்க. உங்கட கேஸ் படுத்துப்போகும்."

அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அவர்கள் போனதும் நானே அவரிடம், வேண்டாம் அண்ணன், உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். சொன்னேனே ஒழிய, அவர் 'சரி' என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் சட்டியைக் காட்டி, "பசிக்குது, சோத்தப் போடு" என்றார்.

இரண்டாம் விசாரணைக்கு அவர் தன்னிடமிருந்த ஒரே நல்ல ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அதே அம்மா, அதே மொழிபெயர்ப்பாளர். முதலில் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரை மட்டும் விசாரித்தார்கள். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டு, அவரிடம் கேட்டவற்றையே என்னிடமும் கேட்டார்கள். மகள் பிறந்தால் என்ன செய்வீர்கள்? வீடு கட்டத் தொடங்குவோம். மகன் பிறந்தால்? அவனும் சேர்ந்து கட்டுவான். கல்யாணமான ஆண் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தால்? அங்கே மச்சான் இருப்பான், இவனுக்கு இடமில்லை. அண்ணன் என்ன சொல்லியிருந்தாரோ, அந்த அம்மா என்னுடைய ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது. அப்படியானால் நீங்கள் இரண்டு பேரும் வீடில்லாத ஆண்கள் என்றார். ஓம் என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில்தான் அந்த அம்மா அண்ணனிடம் கேட்டார். உங்கள் வீட்டை எரித்தது இவருடைய ஆட்கள் என்று உங்கள் வாக்குமூலத்தில் இருக்கிறது, பிறகு எதற்காக இவருக்குச் சாட்சி சொல்ல வந்தீர்கள்?

அண்ணன் சொன்னார்.

"எரிச்சவங்க அந்தப் பக்கத்து ஆக்கள்தான், அது உண்மை. ஆனா அண்டைக்கு என்ட பொஞ்சாதியையும் புள்ளையளையும் வேலிக்கு மேலால தூக்கியெடுத்துத் தன்ட வீட்டுக்குள்ள வச்சிருந்ததும் அந்தப் பக்கத்து ஒரு உம்மாதான். மூணு நாள் சோறு தந்தவ. தேடி வந்தவனுக்குக் கதவு திறக்கல்ல. அதை நான் முதல் விசாரணையில சொல்லல்ல. இப்ப சொல்லுறன்."

எனக்கு இது தெரியாது. இத்தனை நாள் ஒரே அறையில் இருந்தும் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. அந்த அம்மா மொழிபெயர்ப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் அண்ணன் பக்கம் குனிந்து, மிகவும் மெதுவாக, "அண்ணை, இதைச் சொல்லவோ? இது உங்கட கேசுக்கு நல்லமில்லை" என்றார். அப்படிக் கேட்க அவருக்கு அனுமதியில்லை. இருந்தும் அந்தப் பொடியன் கேட்டார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

அண்ணன் அவருடைய கையை மெல்லத் தட்டினார். "நான் சொன்னதச் சொல்லு தம்பி" என்றார்.

அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த அம்மா உடனே ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிறகுதான் எடுத்து, ஒவ்வொரு சொல்லாக அதற்குள் சொன்னார். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் எங்கள் ஊர் உம்மா ஒருத்தி வேலிக்கு மேலால் பிள்ளைகளை வாங்கியது அதற்குள் பதிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. நான் அழுதேன். வெட்கத்தை விட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அண்ணன் என்னைப் பார்த்து, "டேய், உன்ட கேஸ் வெல்லுற நேரத்துல ஏன்டா அழுற?" என்றார்.

வசந்த காலத்தில் எனக்கு அந்த நாட்டில் தங்க அனுமதி கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. இப்படி எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். அவர் மேல்முறையீடு செய்துவிட்டு இன்னும் ஒரு குளிர்காலத்தை அந்த அறையிலேயே கழித்தார். நான் வேறு நகரத்தில் ஓர் உணவுச்சாலையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். லீவு கிடைத்த ஞாயிறுகளில் ரயில் ஏறிப் போய் அவரைப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அறைக் கதவைத் தட்டும்போது, திறப்பது அவர்தானா, அவருடைய கட்டிலுக்கு வந்துவிட்ட வேறொருவரா என்று உள்ளே வருகிற காலடிச் சத்தத்தைக் கவனிப்பேன். உங்களால்தான் நான் இருக்கிறேன், என்னால்தான் நீங்கள் இப்படிக் கிடக்கிறீர்கள் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். "உன்னால ஒண்டுமில்ல. அந்தக் கதைய விழுங்கிக்கொண்டு இரிக்க எனக்குத்தான் ஏலாம இரிந்திச்சு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

அடுத்த வருடம், ஊரில் நெல் அறுவடை முடிகிற காலத்தில் என்று அவர் சொன்னார், அவருக்கும் அனுமதி வந்தது. மேல்முறையீட்டில், மனைவியின் வீடுதான் அவருடைய வீடும் என்று ஏற்றுக்கொண்டார்களாம். அந்த அம்மா அன்று பதிந்து வைத்த வழக்கம் பற்றிய பகுதி அதற்கு உதவியதாக மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார். அன்றிரவு நான் தொழுதுவிட்டு நெடுநேரம் எழும்பவில்லை.

என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது எண்பத்தொன்பது. ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தேன். அந்த ஊரில் கதவில் குடியிருப்பவரின் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்டார். நான் மனைவியின் பெயரைக் கொடுத்தேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டும் அதையேதான் எழுதச் சொன்னேன். முதல் விருந்தாளியாக வந்த அண்ணன் கதவுக்கு முன்னால் நின்று அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இங்க வந்தும் மாப்பிள்ளைதானா நீ" என்று சிரித்தார். அன்று என் மனைவி அந்தப் பழைய சட்டியில்தான் சோறு ஆக்கினாள். அவர் சாப்பிட்டுவிட்டு, உப்புச் சரியாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். எனக்கு ஒரு தடவையும் அப்படிச் சொன்னதில்லை.

காலம் எவ்வளவோ ஓடிவிட்டது. எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்தில் இன்றைக்கும் யாராவது ஒருவர் 'அந்தப் பக்கத்து ஆட்கள்' என்று தொடங்குவார். எனக்கு உடனே அந்த விசாரணை அறையும், காது சிவந்துபோன அந்த மொழிபெயர்ப்பாளரும், "நான் சொன்னதச் சொல்லு தம்பி" என்ற அந்தக் குரலும் வந்துவிடும், நான் எழுந்து நின்று வேலிக்கு மேலால் பிள்ளைகளை வாங்கிய அந்த உம்மாவின் கதையையும், அதை மறைத்தால் தனக்கு நல்லது என்று தெரிந்தும் சொன்ன அண்ணனின் கதையையும் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.